பரமட்டாவில் முதல் ஃபுட்டி மேட்ச்: எப்படிப் போவது, எங்கே காசு ஓடும்

சிட்னியின் மேற்குப் பக்கம் வீடெடுத்துக் குடிவந்த எல்லோருக்கும் முதல் குளிர்காலத்திலேயே ஒன்று புரிந்துவிடும். திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில் யாரும் கிரிக்கெட் பேசுவதில்லை. மார்ச் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை ரக்பி லீக்தான் பேச்சு. அதையும் முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள், வெறும் ‘ஃபுட்டி’. நான் மதுரைக்காரன், கிரிக்கெட்டும் கொஞ்சம் கபடியும் தவிர வேறு ஒன்றும் தெரியாது. வந்த புதிதில் இரண்டு வருஷம் தலையை ஆட்டி ஆட்டியே ஓட்டினேன். மூன்றாவது வருஷம் பக்கத்து வீட்டு அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர், வென்ட்வொர்த்வில்லில் 30 வருஷமாக இருப்பவர், வேலிக்கு மேலே தலையை நீட்டி, “தம்பி, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யப் போறீர்? ஃபுட்டிக்கு வாரும்” என்றார். போனோம். நான், மனைவி, பையன்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 300 டாலர் போயிருந்தது. கார் பார்க்கிங், மூன்று டிக்கெட், உள்ளே வாங்கிய சாப்பாடு, பையன் அடம்பிடித்து வாங்கிய ஜெர்சி. வருஷ மெம்பர்ஷிப் வைத்திருந்த அண்ணனுக்கு அன்றைக்கு ஆன செலவு ரயில் காசும் ‘மீட் பை’ என்கிற ஒரு கறித் தின்பண்டமும். அதே மேட்ச், அதே வரிசை, பக்கத்துப் பக்கத்து சீட். அந்த ஒரு நாளுக்குப் பிறகு நான் மேட்சைப் பார்த்த அளவுக்கு அவரையும் பார்த்தேன். கீழே இருப்பதில் பாதி அவரிடம் கற்றது, மீதி நானே காசு கொடுத்துக் கற்றது.

முதலில் ஒரு அணியைப் பிடியுங்கள்

என்ஆர்எல் என்கிற தேசியப் போட்டியில் இப்போது 17 அணிகள். அதில் 9 அணிகள் சிட்னியையும் அதன் ஓரத்தையும் சேர்ந்தவை. புதிதாக வருகிறவர்கள் செய்கிற தவறு, யார் ஜெயிக்கிறார்களோ அவர்களைப் பிடிப்பது. பென்ரித் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து 4 கோப்பை வாங்கியதும் என் ஆபீசில் நான்கு பேர் திடீரென்று பென்ரித் ரசிகர்கள் ஆனார்கள். அவர்களை இன்றுவரை யாரும் மதிப்பதில்லை. இங்கே கேட்கிற கேள்வி “எந்த அணி நல்ல அணி” என்பதில்லை, “எந்த ஏரியாவில் இருக்கிறாய்” என்பதுதான். வீட்டுக்குப் பக்கத்து அணியைப் பிடித்தால் ரயில் செலவு குறைவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் பேச்சுத் துணை உண்டு, அண்டை வீட்டுக்காரர் உறவும் கிடைக்கும்.

வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி, வெஸ்ட்மீட் என்று நம்மவர்கள் நிறைய இருக்கிற இந்தப் பட்டை முழுக்க பரமட்டா ஈல்ஸ் தேசம். நீலமும் மஞ்சளும். ஈல் என்றால் விலாங்கு. பரமட்டா என்ற பெயரே இந்த மண்ணின் தாருக் மக்கள் மொழியில் விலாங்கு இருக்கிற இடம் என்பதிலிருந்து வந்தது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று நாம் சொல்வோமே, அந்தக் குணம் இந்த அணிக்கு அப்படியே பொருந்தும். ஒரு வாரம் முதலிடத்து அணியைத் துவைத்துக் காயப்போடும், அடுத்த வாரம் கடைசி இடத்து அணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வரும்.

1947-ல் போட்டியில் சேர்ந்த அணி, முதல் கோப்பைக்கு 1981 வரை காத்திருந்தது. அந்த வெற்றி ராத்திரி சந்தோஷம் தலைக்கேறி, ரசிகர்கள் கூடிய பழைய கம்பர்லாண்ட் ஓவல் மைதானத்தின் பார்வையாளர் மாடமே தீப்பிடித்து எரிந்து போனது. 82, 83, அப்புறம் 86 என்று இன்னும் மூன்று கோப்பை. 86-க்குப் பிறகு ஒன்றும் இல்லை. 2001, 2009, 2022 என்று மூன்று முறை இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றதுதான் மிச்சம். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பக்கத்து சீட்டில் வெள்ளைத் தலையோடு உட்கார்ந்திருப்பவர் ரே பிரைஸ், பீட்டர் ஸ்டெர்லிங் என்று 80-களின் ஈல்ஸ் ஆட்டக்காரர் பெயர்களைச் சொல்லிப் பெருமூச்சு விட்டால் அவர் எந்தக் காலத்தில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டு கேள்வி கேளுங்கள் போதும், இடைவேளையில் அவரே சிப்ஸ் நீட்டுவார்.

விளையாட்டு, கபடி தெரிந்தவர்களுக்கு

ஒரு பக்கம் 13 பேர். 40 நிமிஷம் இரண்டு பாதி. பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிறவனை எதிரணி பிடித்து அமுக்கும். பாடி வருகிறவனை நாலு பேர் சேர்ந்து மடக்குவது போலவேதான், பிடி இடுப்பிலும் காலிலும். அமுக்கியதும் ஆட்டம் நிற்காது. அவன் எழுந்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னால் உருட்டுவான், அடுத்தவன் எடுத்துக்கொண்டு ஓடுவான். இப்படி 6 முறை பிடிபடலாம், ஆறாவதில் பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. அதனால் ஐந்து முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். பந்தைக் கையால் முன்னால் வீசக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ‘ட்ரை’, 4 புள்ளி. அதன் பிறகு கம்பத்துக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. இவ்வளவு தெரிந்தால் முதல் மேட்சுக்குப் போதும்.

ஒரு கொசுறு. 15 பேர் ஆடும் ரக்பி யூனியன் வேறு விளையாட்டு. இங்கிலாந்தின் வடக்கே மில், சுரங்கத் தொழிலாளிகள் சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும், அதை ஈடு செய்யுங்கள் என்று கேட்டார்கள், மேலிடம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிப் பிரிந்து போனவர்களின் ஆட்டம்தான் இந்த லீக். சிட்னியில் 1908-ல் தொடங்கியது. கூலிச் சண்டையில் பிறந்த விளையாட்டு என்பதால், இதைப் பார்க்கிறவர்கள் காசை எண்ணிச் செலவு செய்வதைக் கேவலமாக நினைப்பதில்லை. வீட்டுச் சாப்பாட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

டிக்கெட்: நாள், பக்கம், அப்புறம்தான் விலை

ஆட்டங்கள் வியாழன் ராத்திரியிலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை பரவிக் கிடக்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஞாயிறு மதியம் 2 மணி ஆட்டமோ 4:05 ஆட்டமோ எடுங்கள். வெள்ளி ராத்திரி 8 மணி ஆட்டத்தின் சூடே தனி, ஆனால் ஜூலையில் மேற்கு சிட்னி ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே இறங்கும், பத்து மணிக்குத் தூங்கிப் போன பிள்ளையைத் தோளில் போட்டு ரயில் நிலையம் வரை நடக்கிற அனுபவம் ஒரு தடவை போதும்.

ஈல்ஸின் வீடு காம்பேங்க் ஸ்டேடியம், 2019-ல் திறந்தது, 30,000 பேர் உட்காரலாம். முதல் ஈல்ஸ் ஆட்டத்தில் வெஸ்ட்ஸ் டைகர்ஸை 51-6 என்று அடித்தார்கள். அன்று நேரில் இருந்ததாகச் சொல்கிறவர்களை எண்ணினால் 30,000 சீட் போதாது. சாய்மானம் செங்குத்தாக இருப்பதால் மலிவு சீட்டிலிருந்தும் நன்றாகத் தெரியும். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் சீட்டுகள் மலிவு, நடுக்கோட்டுக்கு நேராக இருப்பவை விலை. புதியவர்கள் கம்பத்துக்குப் பின்னால் போவது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் ஒரு பாதியில் ட்ரை எல்லாம் உங்கள் மூக்குக்கு முன்னாலேயே விழும். மறு பாதியில் பெரிய திரையைப் பார்க்க வேண்டியதுதான்.

பக்கம் முக்கியம். முதல் தடவை நான் ஆன்லைனில் சீட் தேடிக்கொண்டிருந்தபோது அண்ணன் எட்டிப் பார்த்து, “அந்தப் பக்கம் இருந்தா வெயில் கண்ணுக்குள்ள குத்தும் தம்பி, மற்றப் பக்கமா எடும்” என்றார். ஓகானல் தெருப் பக்கம் இருப்பது கிழக்கு மாடம். அங்கே உட்கார்ந்தால் முகம் மேற்கே பார்க்கும், ஞாயிறு 4 மணி ஆட்டத்தின் முதல் பாதி முழுக்கக் கையை நெற்றிக்கு மேல் வைத்தபடி இருக்க வேண்டியதுதான். குளிர்காலத்தில் அந்த வெயில் வேண்டும் என்றே கிழக்குப் பக்கம் எடுக்கிறவர்களும் உண்டு, தொப்பியோடு போங்கள்.

டிக்கெட்டை அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் வாங்குங்கள். நான் ஒரு ஈஸ்டர் திங்கள் ஆட்டத்துக்கு, டைகர்ஸோடு மோதுகிற வழக்கமான ஆட்டம், கூட்டம் அள்ளும், தாமதமாக விழித்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவரிடம் இரண்டு டிக்கெட் வாங்கினேன். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். வாசலில் ஸ்கேன் செய்தால் சிவப்பு விளக்கு, அந்த டிக்கெட்டின் குறியீட்டைக் காட்டி யாரோ ஏற்கெனவே உள்ளே போய்விட்டார்கள். பையன் என் முகத்தைப் பார்த்தான், நான் வாசல்காரப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன், அவள் எங்களுக்குப் பின்னால் இருக்கும் வரிசையைப் பார்த்தாள். ஸ்கிரீன்ஷாட் என்பது டிக்கெட் இல்லை. உங்கள் கணக்குக்கு முறையாக மாற்றித் தந்தால்தான் அது உங்களுடையது.

சீசன் ஆட்டங்களுக்கு மொத்தமாக டிக்கெட் தருகிற மெம்பர்ஷிப் எடுக்கலாமா? எல்லோரும் இரண்டாவது வருஷம் கேட்பார்கள். ஒரு அணி வருஷத்துக்கு 24 லீக் ஆட்டம் ஆடும், பாதி சொந்த ஊரில். ஆனால் ஈல்ஸ் தன் ஹோம் கேமில் ஒன்றை டார்வின் வரை கொண்டுபோய் ஆடிய வருஷங்கள் உண்டு. ஆக “எத்தனை ஹோம் கேம்” என்று பார்க்காதீர்கள், “பரமட்டாவில் எத்தனை, அதில் நான் நிஜமாகவே போகக்கூடியது எத்தனை” என்று பாருங்கள். காலண்டரை எடுத்து, கல்யாணம், பிறந்தநாள் விருந்து, கோயில் திருவிழா, பிள்ளைகளின் சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி எல்லாவற்றையும் கழித்தால் எனக்கு மிஞ்சியது ஐந்து. ஐந்து தனி டிக்கெட் விலையும் மெம்பர்ஷிப் விலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தனியாக வாங்குவதே லாபமாக இருந்தது. மூன்று ஆட்டம் மட்டும் என்பது போன்ற சின்ன மெம்பர்ஷிப்களும் வருவதுண்டு, குடும்பத்துக்கு அது பரவாயில்லை. அண்ணன் போல ஒன்றையும் விடாதவர்களுக்குத்தான் முழு மெம்பர்ஷிப். கூடவே வருகிற தொப்பியையும் ஸ்கார்ஃபையும் லாபக் கணக்கில் சேர்க்காதீர்கள், வீட்டில் ஏற்கெனவே நாலு தொப்பி இருக்கும்.

போகிற வழி

கார் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்களுக்குக் கார் இல்லாமல் கால் நகராது. மேட்ச் நாளில் மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் பார்க்கிங் விதி மாறும். அதைப் படிக்காமல் நிறுத்திவிட்டு வந்து கண்ணாடியில் செருகியிருந்த அபராதச் சீட்டை எடுத்தேன், அது அன்றைய டிக்கெட்டை விட விலை.

வென்ட்வொர்த்வில்லிலிருந்து ரயிலில் வெஸ்ட்மீட், அடுத்தது பரமட்டா, அவ்வளவுதான். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஓப்பல் என்கிற பயண அட்டைக் கட்டணத்தில் ஆஃப்-பீக் சலுகை உண்டு, நாள் முழுக்க எத்தனை முறை ஏறி இறங்கினாலும் ஒரு உச்சவரம்புக்கு மேல் போகாது. பரமட்டாவில் இறங்கி சர்ச் தெரு வழியாக நடந்தால் கால் மணி நேரம். நடுவில் ஆற்றைத் தாண்டுகிற கல் பாலம் லெனாக்ஸ் பாலம், 1839-ல் முடிந்தது, கைதிகள் கட்டியது, நின்று ஒரு நிமிஷம் பாருங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் 2024 டிசம்பரில் தொடங்கிய லைட் ரெயிலில் பிரின்ஸ் ஆல்ஃபிரட் ஸ்கொயர் நிறுத்தத்தில் இறங்கலாம், மைதானத்துக்கு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான்.

எப்போது போவது? நான் ஆட்டம் தொடங்க 10 நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்வேன். அண்ணன் ஒன்றரை மணி நேரம் முன்னால். ரொம்ப நாள் அவருக்கு வேறு வேலை இல்லை என்றே நினைத்தேன். பெரிய ஆட்டத்துக்கு முன்னால் சில நாட்களில் ரிசர்வ் கிரேட், அதாவது இரண்டாம் நிலை அணிகளின் ஆட்டம், அதே மைதானத்தில் நடக்கும், ஜூலைக்குப் பிறகு பெண்கள் லீக் ஆட்டமும் சேர்ந்து வரும். ஒரே டிக்கெட்டில் இரண்டு ஆட்டம். அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சாப்பாடு: இங்கேதான் காசு ஓடும்

டிக்கெட் விலையை எல்லோரும் பேசுவார்கள், உண்மையில் மேட்ச் நாள் காசு போகிற இடம் வயிறுதான். உள்ளே ஒரு பீர் 10 டாலரைத் தாண்டும், அதுவும் பாதி கடையில் சாராய அளவு குறைந்த மிட்-ஸ்ட்ரெங்த் பீர். சிப்ஸ், தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் என்று பிள்ளைகள் ஒரு சுற்று வந்தாலே 40, 50 டாலர் காணாமல் போகும். கார்டைத் தட்டிக்கொண்டே இருப்பதால் கையிலிருந்து ஒரு நோட்டும் போவதில்லை, அதனால் வலியும் தெரிவதில்லை.

தீர்வு எளிது. சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாட்டில், டின், சாராயம் கூடாது, பெரிய பையும் கூடாது. போவதற்கு முன் மைதானத்தின் விதிகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், ஆட்டத்துக்கு ஆட்டம் மாறலாம். வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள்.

அண்ணனின் பையை ஒருநாள் முழுசாகப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் தோளில் மாட்டுகிற சின்ன கூலர் பை, ஜிப் ஒரு பக்கம் போய்விட்டது, அதற்கு ஒரு ஊக்கு. உள்ளே பெண்டில் ஹில் கடையில் காலையில் வாங்கிய மீன் பணிஸ் (மீன் அடைத்த பன்) ஆறு, ஒவ்வொன்றும் தனித்தனி டிஷ்யூவில். ஒரு டப்பாவில் கடலை வடை. இரண்டு மாண்டரின். பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர். ஓரத்தில் மடித்து வைத்த செய்தித்தாள், ராத்திரி சீட் ஈரமானால் விரித்து உட்கார. மீன் பணிஸை முதல் பாதியில் தொடக்கூட மாட்டார். இடைவேளை விசில் ஊதியதும் ஊக்கைக் கழற்றுவார். எங்களுக்கு முன்வரிசையில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி, வருஷக்கணக்காக அதே சீட்டாம், அவர்களும் அதே நேரம் வீட்டில் சுற்றிய சாண்ட்விச்சைப் பிரிப்பார்கள். ஒரு மீன் பணிஸ் முன்னால் போகும், ஒரு துண்டு பழ கேக் பின்னால் வரும். இந்தப் பண்டமாற்று 8 வருஷமாக நடக்கிறதாம். பெயர்கூட ஒருவருக்கொருவர் இரண்டாவது வருஷம்தான் கேட்டுக்கொண்டார்களாம்.

ஆனால் ஒரு பொருளை மட்டும் அவர் வெளியே வாங்குவார். முதல் நாள் என்னிடம் கார்டை நீட்டி, “தம்பி, பை ஒண்டு வாங்கிக்கொண்டு வாரும்” என்றார். நான் நேராக நினைவுப்பொருள் கடைக்குப் போய் நீல-மஞ்சள் துணிப்பை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றேன். வரிசை முழுக்க சிரித்தது. மீட் பை, மாவுக்கூட்டுக்குள் கொத்துக்கறி அடைத்தது, மேலே தக்காளி சாஸ். அது இல்லாமல் ஃபுட்டி இல்லை என்பது இங்கே பாதி மதம். கடித்ததும் உள்ளே இருக்கும் கொதிக்கிற குழம்பு கையில் வழியும், முதல் தடவை கட்டாயம் நாக்கைச் சுடும். மூடியில் சின்ன ஓட்டை போட்டு ஆவியை விட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். உள்ளே பெரும்பாலும் மாட்டுக்கறி, சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்குங்கள், சைவ வகை எல்லாக் கடையிலும் இருக்காது.

எப்போது வாங்குவது என்பதும் ஒரு கலை. இடைவேளை மிகச் சின்னது, எல்லோரும் அப்போதுதான் எழுவார்கள், வரிசை முடிவதற்குள் இரண்டாம் பாதியில் ஒரு ட்ரை போயிருக்கும். முதல் பாதி முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது போங்கள். இல்லையென்றால் ‘பங்கர்’ என்று சொல்கிற வீடியோ நடுவர் ஒரு ட்ரையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நேரத்தில். அது சில நாள் பை சுடுகிற நேரத்தை விட நீளும்.

ஜெர்சி

புது ஒரிஜினல் ஜெர்சி பெரியவர்களுக்கு 170 டாலர் அளவில் வரும். வருஷா வருஷம் டிசைன் மாறும், அதோடு பழங்குடியினர் வாரத்துக்கு ஒன்று, போர்வீரர் நினைவு நாளான அன்சாக் தினத்துக்கு ஒன்று என்று சிறப்பு ஜெர்சிகள் வேறு. முதல் மேட்சுக்கு ஜெர்சி தேவையே இல்லை, நீல டி-ஷர்ட் போதும். சீசன் முடிந்த பிறகு அக்டோபர், நவம்பரில் அதே ஜெர்சி பாதி விலைக்கு வரும், அப்போது வாங்கினால் அடுத்த மார்ச் வரை பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய துணி விற்கிற தொண்டு நிறுவனக் கடைகளில் சில நேரம் பத்துப் பதினைந்து டாலருக்குப் பழைய ஜெர்சி மாட்டும். பழசுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது வேறு விஷயம், சாயம் போன 86-ம் வருஷ மாடல் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனால் நாலு பேர் நிறுத்திப் பேசுவார்கள்.

பிள்ளைகளுக்கு இரண்டு சைஸ் பெரிதாக வாங்குங்கள். ஆட்டக்காரர் பெயர் அச்சடிக்காதீர்கள். என் பையன் ஆசை ஆசையாகப் பெயர் போட்ட ஆட்டக்காரர் அடுத்த வருஷமே எதிரணிக்குப் போய்விட்டார், அந்த ஜெர்சியை அவன் இப்போது பைஜாமாவாகப் போட்டுத் தூங்குகிறான். குளிருக்கு வாங்க வேண்டிய ஒரே பொருள் பின்னல் தொப்பி, பீனி. அது எத்தனை வருஷம் ஆனாலும் உழைக்கும்.

லீக்ஸ் கிளப்பும் அந்தப் பக்கத்து அறையும்

மைதானத்துக்குப் பக்கத்திலேயே பரமட்டா லீக்ஸ் கிளப். மேட்சுக்கு முன்னால் கூட்டம் அங்கே நிரம்பும். அடையாள அட்டை காட்டி உள்ளே போகலாம். பிஸ்ட்ரோவில் சிக்கன் ஷ்னிட்சல், பீர் எல்லாம் மைதானத்தை விட மலிவு. ஏன் மலிவு என்று யோசித்தால் பதில் பக்கத்து அறையில் மின்னிக்கொண்டிருக்கும். காசு போட்டு ஆடுகிற சூதாட்டப் பெட்டிகளான போக்கர் மெஷின்கள், இங்கே ‘போக்கீஸ்’. நியூ சவுத் வேல்ஸில் மட்டும் 80,000-க்கும் மேல் இந்த மெஷின்கள் உண்டு. லீக் கிளப்புகளை நீண்ட காலமாகத் தாங்கி நிற்கிற வருமானத்தில் பெரும் பங்கு இவற்றிலிருந்துதான். அதாவது ஷ்னிட்சலில் நீங்கள் மிச்சம் பிடித்த ஐந்து டாலரை யாரோ ஒருவர் அந்த அறையில் கட்டுகிறார். சாப்பிடுங்கள், குடியுங்கள், அந்தப் பக்கம் மட்டும் நகராதீர்கள். “சும்மா 20 டாலர்” என்று போன நம் ஆட்கள் கதை எனக்கு இரண்டு தெரியும், இரண்டும் இங்கே எழுதுகிற மாதிரி இல்லை.

பந்தய ஆப்களும் அதே ரகம். அவற்றின் விளம்பரம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். யார் முதல் ட்ரை போடுவார், எத்தனை புள்ளி வித்தியாசம் என்று நாலைந்தைக் கோத்து ‘மல்ட்டி’ என்று ஒன்று. 5 டாலர் போட்டால் 200 என்று காட்டும், கோத்த கண்ணியில் ஒன்று அறுந்தாலும் எல்லாம் போச்சு.

பந்தய அரிப்பு இருந்தால் ஆபீஸ் டிப்பிங்கில் சேருங்கள். ஒவ்வொரு வாரமும் யார் ஜெயிப்பார் என்று எல்லா ஆட்டத்துக்கும் எழுதிக் கொடுப்பது. சீசன் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை 20 டாலர் மாதிரி கட்டுவார்கள், சில ஆபீசில் அதுவும் இல்லை, கடைசியில் முதலிடம் வந்தவருக்குப் பணம் போகும். எட்டு மாதம் 20 டாலருக்குப் பொழுதுபோகும். விளையாட்டே தெரியாதவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்பது எல்லா ஆபீசிலும் நடக்கிற அதிசயம், எங்கள் ஆபீசில் ஒருமுறை ஜெயித்தது அணியின் சட்டை நிறம் பார்த்து டிக் அடித்த கணக்குப் பிரிவு அக்கா.

உள்ளே எப்படி நடந்துகொள்வது

எதிரணி ரசிகர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள், கால்பந்து மாதிரி தனி வேலி கிடையாது. கிண்டல் பண்ணுவார்கள், நீங்களும் பண்ணலாம். ‘பரா-மட்டா’ என்று கத்திவிட்டு மூன்று தட்டு தட்டுவது இங்கே ஆரத்தி மாதிரி, எங்கிருந்தோ ஒருவர் தொடங்கினால் மொத்த மைதானமும் சேரும். பிடித்த பிறகு எதிரணி 10 மீட்டர் பின்னால் போய் நிற்க வேண்டும். நம் அணி பந்தோடு இருக்கும்போது அவர்கள் போகவில்லை என்று நடுவரைப் பார்த்து எல்லோரும் கத்துவார்கள். அவர்கள் நிஜமாகவே பின்னால் போனார்களா என்பது கத்துகிறவர்கள் யாருக்கும் தெரியாது. நீங்களும் தைரியமாகக் கத்தலாம். ட்ரை விழுந்தால் எழுந்து நில்லுங்கள், மற்ற நேரம் பின்னால் இருப்பவரை மறைக்காதீர்கள். குடித்துவிட்டு எல்லை மீறுகிறவர் பக்கத்தில் மாட்டினால், புகார் செய்ய ஒரு குறுஞ்செய்தி எண்ணைத் திரையில் காட்டுவார்கள். சண்டை போடாமல் அதற்கு அனுப்புங்கள், மஞ்சள் சட்டைக்காரர் வந்து பார்த்துக்கொள்வார்.

ஆட்டம் முடிந்ததும் ஓடாதீர்கள். 10 நிமிஷம் உட்காருங்கள். ஆட்டக்காரர்கள் வேலியோரம் வந்து கையெழுத்துப் போடுவார்கள், பிள்ளைகளுக்கு அது மேட்சை விடப் பெரிசு. ஒரு மார்க்கர் பேனா கையில் இருக்கட்டும், எல்லோரும் அதைத்தான் மறப்பார்கள். அதற்குள் ரயில் நிலையக் கூட்டமும் கொஞ்சம் கலைந்துவிடும்.

பசி இருந்தால் சர்ச் தெருவில் உட்காராதீர்கள், மேட்ச் ராத்திரி எல்லா மேசையும் நிரம்பியிருக்கும். ஒரே ஒரு நிறுத்தம் தள்ளி ஹாரிஸ் பார்க், விக்ரம் தெரு. ஜெர்சியோடு போய் மசால் தோசை சொல்லலாம், அங்கேயும் பாதிப் பேர் அதே ஜெர்சியில்தான் இருப்பார்கள்.

போன மாதம் நாங்கள் மூவரும் அண்ணனோடு போய் வந்தோம். கம்பத்துக்குப் பின்னால் மலிவு டிக்கெட், ரயில், வீட்டிலிருந்து புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும், உள்ளே இரண்டு மீட் பை. 120 டாலருக்குள் முடிந்தது. ஈல்ஸ் 20 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. ரயிலில் அண்ணன் வெஸ்ட்மீட் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வென்ட்வொர்த்வில்லில் கதவு திறந்ததும் கூலர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “வாற கிழமை வெள்ளி ராத்திரி தம்பி, ஜாக்கெட் போட்டுக்கொண்டு வாரும்” என்றார்.